கண்ணியமான பெண் சாட்சி

கதவைச் சாத்த வேண்டாம் அம்மிணி. சாத்துனா வார்டனம்மாளுக்குச் சந்தேகம் வந்துரும். பாதி தெறந்தே கெடக்கட்டும். இப்படி என்ற பக்கத்துல வந்து உக்காருங்க, மெதுவாப் பேசிக்கலாம். காலேஜுல இருந்து வந்திருக்கீங்களா? வக்கீல் படிப்பா? வக்கீலுன்னாலே எனக்கு இப்பெல்லாம் ஆகாது. ஆனா நீங்க சின்னப்புள்ளை, உங்களைப் பாத்தா ஒண்ணும் பயமில்லை.

உங்க படிவத்துல என்ன கேட்டிருக்குதுன்னு எனக்குத் தெரியும். காலையில இருந்து இங்க அதே பேச்சுத்தான். இந்த ஒடம்பை விக்கற தொழிலைச் சட்டமாக்கலாமா, கூடாதா? சொல்றேன். சொல்லாம விடமாட்டேன். மொதல்ல ஒண்ணு எழுதிக்குங்க. நான் இவளுகளைச் சேந்தவ இல்லை. பேரு தனபாக்கியம், வயசு அம்பது, டெய்லர், கல்யாணமானவ, வீட்டுக்காரர் பேரு நாச்சிமுத்து. மருமக முழுகாம இருக்கறா, இது ஏழாம் மாசம். எழுதிட்டீங்களா? டெய்லர்ங்கறதைக் கொஞ்சம் பெருசா எழுதுங்க.

நாளைக்கு வியாழக்கெழமை. நாளைக்கு நான் மாஜிஸ்ட்ரேட் அம்மா முன்னால போயி நிக்கோணும். புருசனோ, கூடப் பொறந்தவனோ வந்து, 'இது எங்க வீட்டுப் பொம்பளைதான், நான் கூட்டிட்டுப் போறேன்'னு சொன்னாத்தான் வெளிய விடுவாங்களாம். இல்லாட்டி இந்தக் காப்பகத்துலயே வருசக்கணக்குல கெடக்கோணும். என்ற வீட்டுக்காரர் வருவாரா, மாட்டாரா? அதுதான் அம்மிணி எனக்குக் கவலை. சோத்தைப் பெசஞ்சு வாய்க்கிட்ட கொண்டு போனா, அந்த நெனப்பு வந்துருது, உள்ள எறங்க மாட்டேங்குது. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லை. பயம். வெறும் பயம்.

நான் எப்படி இங்க வந்தேன்னு நீங்க கேக்கலை. கேக்கலீன்னாலும் சொல்லித்தான் ஆகோணும்.

நம்ம கடை போலீஸ் டேசனுக்கு எதுத்தாப்பல. எந்த ஊருன்னு வேண்டாம், விடுங்க. பொம்பளைப் போலீசுக்குக் காக்கிச் சட்டைக்கு இடுப்புப் பிடிச்சுக் குடுக்கறது, பேண்ட்டு மடிச்சுத் தெக்கறது எல்லாம் நான்தான். அதுல பழக்கமானவங்கதான் ஜெயக்கொடி ஏட்டம்மா. ஒரு நாளு கடைக்கு வந்து, "தனபாக்கியக்கா, சித்தே ஜீப்புல ஏறுங்க, சாட்சிக்கு ஒரு ஆளு வேணும்"னாங்க. சட்டத்துலயே இருக்குதாம். இந்த மாதிரி வீட்டுக்குள்ள போலீஸ் நுழையறப்ப, அந்த ஏரியாவுல குடியிருக்கற கண்ணியமான ஆளுங்க ரெண்டு பேரு கூட இருக்கோணும், அதுல ஒருத்தர் பொம்பளையா இருக்கோணும். நீங்க படிச்சிருப்பீங்க.

போனேன். வாசப்படியிலயே நின்னுட்டேன். உள்ள ஒரு புள்ளை போர்வையைச் சுத்திக்கிட்டு நின்னுச்சு. அது என்னை ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க, நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். அவளுகளைக் கூட்டியாந்து வெளிய நிறுத்துற வரைக்கும் தெறக்கவே இல்லை. அப்பறம் பேப்பரை நீட்டுனாங்க. வலது பக்கம் கீழ கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து குளிச்சுட்டுத்தான் சமையக்கட்டுக்குள்ள போனேன்.

அதுக்கப்பறம் நான் எங்கயும் போகலை. பேப்பர்தான் என்னைத் தேடி வந்துச்சு. "உங்களை எதுக்குக்கா அலையவிடோணும், நாங்க போயி பாத்துக்கறோம்"னு ஏட்டம்மா கடைக்கே கொண்டு வந்துருவாங்க. மகஜருன்னு பேரு. எந்த வீட்டுல என்னென்ன இருந்துச்சு, யாரு யாரு இருந்தாங்கன்னு எழுதுற காகிதம். சில நாளு எழுதியிருக்கும், சில நாளு வெறும் தாளா இருக்கும். மெசினை நிறுத்திட்டு, வலது பக்கம் கீழ ஒரு கையெழுத்து. பதினொண்ணு போட்டிருக்கறேன். ஒண்ணுகூடப் பிசகினது இல்லை, எழுத்து முத்து முத்தா இருக்கும்.

பொய்தானேன்னு நெனைக்கறீங்க, மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. பொய் இல்லை அம்மிணி. போலீஸ் போனது நெசம். அந்த வீடு இருந்தது நெசம். அவளுக இருந்தது நெசம். என்ற கையெழுத்தும் நெசம். நான் அங்க இல்லைங்கறது ஒண்ணுதான்.

ஒருக்கா கையெழுத்துப் போட்டதுக்கப்பறம் ஜெராக்ஸ் கடைப் புள்ளைகிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னேன். 'மேற்படி பகுதியில் வசிக்கும் கண்ணியமான பெண்மணி திருமதி தனபாக்கியம் அவர்கள்'னு போட்டிருந்துச்சு. எனக்கு அப்படியே மயிர்க்கூச்செடுத்துப் போச்சு. கல்யாணமாகி இருபத்தெட்டு வருசம், என்ற வீட்டுக்காரர் என்னை 'ஏய்'னுதான் கூப்புடுவாரு. கவர்மெண்டு பேப்பர்ல 'அவர்கள்'னு போட்டிருக்குது. ஒரு காப்பி எடுத்து லேமினேசன் பண்ணி சாமிப் படத்துக்குப் பக்கத்துல மாட்டுனேன். வீட்டுக்காரர் நின்னு முழுசாப் படிச்சாரு. அன்னிக்கு அவரே டீ வெச்சு எனக்கும் ஒரு டம்ளர் குடுத்தாரு. அம்பது வயசுல எனக்குக் கெடச்ச மரியாதை அம்மிணி அது. அதைச் சும்மான்னு நெனைக்காதீங்க.

வழக்கமா இவளுக கோர்ட்டுக்குப் போனதும் தப்பை ஒத்துக்கிட்டு அபராதத்தைக் கட்டிப்போட்டுப் போயிருவாளுக. சாட்சியை யாரும் கூப்புடறதே இல்லை. செண்பகம்னு ஒருத்திதான், "நான் ஒத்துக்க மாட்டேன், கேசை நடத்துங்க"ன்னு நின்னுட்டா. எனக்குச் சம்மன் வந்துருச்சு. அடுத்த மாசம் ஏழாந்தேதி.

ஏட்டம்மா தைரியம் சொன்னாங்க. "கட்டில் ஒண்ணு, நெலைக்கண்ணாடி ஒண்ணு, பச்சை ஸ்கிரீன் ஒண்ணு. இதைச் சொல்லிட்டு எறங்கி வந்துருங்கக்கா." ஆனா பக்கத்துக் கடைக்காரர் வேற சொல்றாரு. எதிர்த் தரப்பு வக்கீலு சும்மா விடமாட்டானாம். கட்டிலு எந்தப் பக்கம் கெடந்துச்சு, கதவு உள்ள தொறக்குமா வெளிய தொறக்குமா, கண்ணாடி எத்தனை அடின்னு கேப்பானாம். முழிச்சா பொய்ச் சாட்சின்னு ஏழு வருசமாம். ஏழு வருசம்! அன்னையில இருந்து எனக்குத் தூக்கமில்லை. ஒரு சட்டைக்கு ரெண்டு பக்கமும் இடது கையையே வெச்சுத் தெச்சுப்போட்டேன்.

அப்பத்தான் அந்த ரோசனை வந்துச்சு. நான் அந்த ரூமைப் பாக்காததுதானே பொய்? போயிப் பாத்துட்டா? பாத்துட்டா அப்பறம் பொய்யே இல்லையே! இத்தனை நாளு இது தோணலையேன்னு என்ற தலையில நானே குட்டிக்கிட்டேன்.

போன செவ்வாக்கெழமை காலையில பதினோரு மணிக்குப் போனேன். இஞ்சு டேப்பு, சாக்பீசு, நோட்டு எல்லாம் பையில போட்டுக்கிட்டேன். டெய்லருங்க, வீட்டுக்கே வந்து ஜாக்கெட்டு அளவெடுத்துத் தெச்சுத் தர்றேன்னு சொன்னேன். ஜாமீன்ல வந்திருந்த செண்பகந்தான் கதவைத் தொறந்தா. அவளுக்கு என்னைத் தெரியாதுல்ல, பாத்ததே இல்லையே. மூஞ்சி மலந்து போச்சு. "உள்ள வாங்கக்கா, எங்களுக்கு யாரு தொட்டு அளவெடுப்பாங்க? பழைய ஜாக்கெட்டை அளவுக்குக் குடுத்தாக்கூட விரல் நுனியில வாங்குவாங்க"ன்னா. கூட பானுன்னு ஒருத்தி. அவ எனக்குக் காப்பி போட்டாந்தா.

வீடு எப்படி இருந்துச்சுன்னு கேக்கறீங்களா? வீடாட்டத்தான் இருந்துச்சு. குக்கரு சத்தம் போட்டுச்சு. ரசத்துக்குப் புளி ஊறிட்டிருந்துச்சு. சுவத்துல செண்பகத்தோட மகளோட போட்டோ, ஆஸ்டல்ல தங்கிப் பத்தாவது படிக்குதாம். எனக்கு அது பிடிக்கலை. நான் வேற மாதிரி நெனச்சுட்டுப் போயிருந்தேன்.

பானுவுக்கு அளவெடுத்தேன். அப்படியே கட்டிலையும் அளந்தேன். ஆறடிக்கு மூணரை. "கட்டிலை எதுக்குக்கா அளக்கறீங்க?"ன்னா. மெத்தைக்கு உறை தெச்சா நல்லாருக்கும்னேன். கதவு உள்பக்கம் தொறக்குது. நெலைக்கண்ணாடி நாலடி, ஓரத்துல விரிசல். ஸ்கிரீன் பச்சை இல்லை அம்மிணி, ஊதா! பாத்தீங்களா, நான் போனது எவ்வளவு நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். நோட்டுல எல்லாம் எழுதிக்கிட்டேன். அப்பறம் செண்பகத்துக்கு அளவு. உள்பாவாடையோட நின்னு கையைத் தூக்கிக் காட்டுறா, நான் டேப்பை மாருல சுத்திப் பிடிச்சிருக்கறேன், முப்பத்தாறுன்னு சொல்ல வாயெடுக்கறேன். கதவு ஒடஞ்சுருச்சு.

நம்ம டேசன் ஆளுங்க இல்லை. வெளிய இருந்து வந்த ஸ்பெசல் டீமாம். ஒரு மூஞ்சி தெரிஞ்ச மூஞ்சி இல்லை. நான் டேப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு, "சார், நான் சாட்சி! நான் சாட்சி!"ன்னு கத்துறேன். அவிங்க சிரிக்கறாங்க. "மாட்டுனா எல்லாருமே சாட்சிதாம்மா"ங்கறான் ஒருத்தன். செண்பகம் திரும்பி, "எதுக்குக்கா சாட்சி?"ன்னா. நான், "உன்ற கேசுக்குத்தான்! தனபாக்கியம்! நான்தான் தனபாக்கியம்!"னு போலீசைப் பாத்துக் கத்துறேன். அவ என்னைப் பாத்தா. கட்டில்ல கெடந்த துணியை எடுத்து மேல போட்டுக்கிட்டா.

ஜீப்புல ஏத்துறப்பதான் வாயைத் தெறந்தா. அந்த டீமோட இன்ஸ்பெக்டர் சாரைக் கூப்புட்டு, "சார், இந்தக்கா டெய்லர். ஜாக்கெட்டு அளவுக்கு வந்தவங்க. இவங்களை விட்டுருங்க"ன்னா. நான் யாருன்னு தெரிஞ்சதுக்கப்பறமும் சொன்னா அம்மிணி. அதை நான் மறைக்க மாட்டேன். அந்தச் சாரு என்னைப் பாத்து, "உங்களுக்கு இவங்களைத் தெரியுமா?"ன்னாரு. நான், "சாமி சத்தியமாத் தெரியாது சார், கெட்ட பொம்பளைங்க சார்"னேன். கையில இஞ்சு டேப்பு தொங்குது. நோட்டுல கட்டிலோட அளவு இருக்குது. பயத்துல புத்தி வேலை செய்யலை.

டேசன்ல உக்கார வெச்சு ஒரு பேப்பரை நீட்டி, "கையெழுத்துப் போடும்மா"ன்னாங்க. எனக்கு உசுரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. ஆகா, நான் யாருன்னு புரிஞ்சுக்கிட்டாங்க, சாட்சிக்குத்தான் வாங்கறாங்கன்னு நெனச்சேன். என்ற மூக்குக்கண்ணாடி அந்த வீட்டுலயே விழுந்து போச்சு, எழுத்து ஒண்ணும் தெரியலை. அதனால என்ன, நான் எப்பப் படிச்சேன்? வலது பக்கம் கீழ, முத்து முத்தாப் போட்டுக் குடுத்தேன்.

அது என்ற வாக்குமூலம் அம்மிணி. 'நான் மேற்படி வீட்டில் தொழில் செய்து வருகிறேன்.' அதுல போட்டிருக்கறேன் கையெழுத்து.

சனிக்கெழமை வீட்டுக்காரர் வந்தாரு. கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னாரு. நான் அழுது அழுது சொல்றேன். அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "கையெழுத்து உன்னோடதுதானா?" ஆமான்னேன். வேறென்ன சொல்லட்டும், அவ்வளவு தெளிவாப் போட்டிருந்தேனே. திரும்பிப் போயிட்டாரு. சாமிப் படத்துக்கிட்ட மாட்டியிருந்ததைக் கழட்டிட்டாராம். மருமக அவங்கம்மா வீட்டுக்குப் போயிருச்சாம். பேரப்புள்ளை பொறந்தாக் காட்டுவாங்களோ மாட்டாங்களோ.

செருப்புச் சத்தமா அது? இல்லை, மாடிப்படியில யாரோ போறாங்க. பேசுங்க, பேசற மாதிரியே இருங்க.

உங்க கேள்விக்கு வர்றேன். காலையில பானு சொன்னா: "சட்டமாக்குனா கார்டு குடுப்பாங்களாமே? அந்தக் கார்டை நான் எங்க கொண்டுபோயி வெப்பேன்? எங்கம்மா அரிசி டப்பாவைக்கூடத் தொழாவாம விடமாட்டா." வேண்டவே வேண்டாம்னுட்டா. அந்த ஓரத்துல படுத்திருக்கற பெரியவங்க, "சட்டமானா அடிக்கறவன் மேல நாம கம்ப்ளைண்டு குடுக்கலாமுல்ல?"ங்கறாங்க. இன்னொருத்தி, "கம்ப்ளைண்டு எங்க குடுப்ப, அதே டேசன்லதானே?"ங்கறா. ஒரே சண்டை. செண்பகம் மட்டும் கடைசியாச் சொன்னா: "எனக்குப் பெரிய சட்டமெல்லாம் வேண்டாம். கதவைத் தட்டிட்டு வரோணும்னு ஒரு சட்டம் போட்டாப் போதும்." எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. இதெல்லாம் சட்டமாச்சுன்னா அப்பறம் கண்ணியமானவங்களுக்கு என்ன மரியாதை? சாட்சிக்கு யாரைக் கூப்புடுவாங்க? சொல்லுங்க.

ஆமா, செண்பகம் இங்கதான் இருக்கறா. இந்தப் பாய் எனது, அந்தப் பாய் அவளது. என்ன கொடுமை பாருங்க. எனக்குச் சோறு எறங்கலைன்னு சமையல்கட்டுல சண்டை போட்டு மோரு வாங்கியாந்து குடுக்கறா. "பயப்படாதீங்கக்கா, நாளைக்கு நான் ஜட்ஜம்மாகிட்டச் சொல்றேன், நீங்க டெய்லர்தான்னு"ங்கறா. சொல்லுவா. கட்டாயம் சொல்லுவா. ஆனா அவ சொல்லு எங்க எடுபடும் அம்மிணி? அவ என்ன கண்ணியமானவளா?

அதுக்குத்தான் உங்களைப் பக்கத்துல உக்காரச் சொன்னேன். இன்னும் கிட்ட வாங்க.

நேத்து ஏட்டம்மா வந்தாங்க. அவிங்களுக்கும் பயம். கண்ணியமான சாட்சியே அக்யூஸ்டுன்னு ஆயிட்டா, நான் கையெழுத்துப் போட்ட பதினொரு கேசும் விழுந்துருமாம். அதனால ஒரு வழி சொன்னாங்க. அந்த ஸ்பெசல் டீமுல பேசிட்டாங்களாம். வாக்குமூலத்தை எடுத்துப்போட்டு, அன்னிக்கு நான் சாட்சியாத்தான் கூட வந்தேன்னு மாத்திக்கலாமாம். நான் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். ஏட்டம்மாளே என்ற வீட்டுக்காரர்கிட்டப் போயி, "அக்கா கவர்மெண்டு வேலையாத்தான் அந்த வீட்டுக்குப் போனாங்க, நாங்கதான் ரகசியம்னு சொல்லி வெச்சிருந்தோம்"னு சொல்லிருவாங்க. அவரு நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போயிருவாரு. வார்டனம்மா வந்ததால பேப்பரை என்ற பாய்க்கடியில தள்ளிட்டுப் போயிட்டாங்க. இன்னிக்கு நாலு மணிக்கு வந்து வாங்கிக்குவாங்க.

இந்தாங்க. கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியலை. மெதுவாப் படிங்க. நான் இதுவரைக்கும் ஒண்ணையும் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுப் போட்டதில்லை. இதை மட்டும் ஏனோ கேக்கோணும்னு தோணுச்சு.

...உம்... 'கண்ணியமான பெண்மணி.' அதை இன்னொருக்காப் படிங்க. உம். சரி.

...என்னது? ஆம்பளையா? அறையில ஒரு ஆம்பளையோட செண்பகம் இருந்ததை நான் பாத்தேன்னா இருக்குது? பேரே போட்டிருக்குதா? யாருங்க அது? அங்க ஆம்பளைன்னு ஒரு ஈ காக்கா இல்லையே. நான்தானே இருந்தேன். நானும் டேப்பும்தானே. நான் நின்ன எடத்துல அந்த ஆளை நிறுத்திட்டாங்களா? ஸ்கிரீன் என்ன கலருன்னு இருக்குது? பச்சையா? சரி விடுங்க.

ரெண்டாவது கேசு இது அவளுக்கு. வீடு வெச்சு நடத்துனவள்னு போட்டிருக்கறதால ஜெயில்தான், வருசக்கணக்குல. அது எனக்கும் தெரியும். நீங்க சொல்ல வேண்டாம். அந்தப் புள்ளை பத்தாவதுதான், ஆஸ்டல்லயே இருந்துக்கும். நல்ல ஆஸ்டலாம், செண்பகமே சொல்லியிருக்கறா.

ஏன் எந்திரிக்கறீங்க? உக்காருங்க. உங்க படிவத்தை முடிக்க வேண்டாமா? அந்த டிக்கை நானே போடறேன், பேனாவை இப்படிக் குடுங்க. அட, குடுங்க அம்மிணி, உங்க வேலை முடிய வேண்டாமா. எங்க? இந்தக் கட்டமா 'கூடாது'? இந்தாங்க. கூடாது. சட்டமாக்கக் கூடாது. சட்டமாயிருந்தா உங்களை யாரும் பிடிச்சே இருக்க மாட்டாங்களேக்கான்னு செண்பகம் சொல்றா. அவளுக்கு என்ன தெரியும்?

பேனாவை இழுக்காதீங்க. ஒரு நிமிசம். ஒரே நிமிசம், குடுத்தர்றேன். அந்தப் பேப்பரை இப்படி வெய்யுங்க. வலது பக்கம் கீழ.

என்ன இது, கை இப்படி ஆடுது? பதினொண்ணு போட்டிருக்கறேன், ஒருக்காக்கூட ஆடுனதில்லை. வயித்துல ஒண்ணும் இல்லாததாலதான். 'தன' வந்துருச்சு, 'பாக்கியம்' கீழ எறங்கிப் போச்சு. இது என்ற கையெழுத்தாட்டமே இல்லையே. இது என்னோடது இல்லைன்னு சொல்லிப்போடுவாங்களா? நீங்க வக்கீலுக்குப் படிக்கறீங்கல்ல, சொல்லுங்க. சொல்லுங்க அம்மிணி. ஏன் அப்படிப் பாக்கறீங்க?

அய்யோ, அவ வர்றா. பேப்பரை மடிச்சு முந்தானைக்குள்ள வெச்சுக்கறேன், நீங்க படிவத்தைக் கையில பிடிங்க. மூஞ்சியைத் தொடைங்க. ஒண்ணும் இல்லாத மாதிரி இருங்க.

வா செண்பகம், வா வா. மோரா? எனக்கா? வெச்சிரு சாமி, குடிக்கறேன். இந்த அம்மிணிகிட்ட இத்தனை நேரமும் உன்னைப் பத்தித்தான் நல்லவிதமாச் சொல்லிட்டிருந்தேன்.